மாம்பழ ஜூஸ் கம்பெனிக்குப் பிட்ச்: 12 நாளில் எப்படித் தயாராவது?

கேட்டவர்: கிருஷ்ணகிரி_விளம்பரம்

வணக்கம். எங்களுடையது மூணு பேர் மட்டும் உள்ள சின்ன விளம்பர ஏஜென்சி. இங்கே ஒரு மாங்கூழ் தொழிற்சாலை, இதுவரை 3.1 கிலோ டின்னிலும் 215 கிலோ டிரம்மிலும் வெளிநாட்டுக்குக் கூழ் அனுப்பினவங்க, இப்போ 200 மி.லி. பாட்டில் ஜூஸ் இறக்கப் போறாங்க. பிப்ரவரி முதல் ஜூன் வரை, தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டம் மட்டும். பட்ஜெட் ஜி.எஸ்.டி. சேர்த்து 30 லட்சம். சேலத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஒவ்வொரு ஏஜென்சியைக் கூப்பிட்டிருக்காங்க. பிட்சுக்கு (வேலையைப் பிடிக்க எங்க திட்டத்தை அவங்க முன்னாடி சொல்லிக் காட்டுறதுக்கு) 12 நாள் இருக்கு. பிரீஃப் (என்ன வேணும்னு அவங்க எழுதிக் கொடுத்தது) ஒரே பக்கம்: "மாஸா, ஸ்லைஸ் மாதிரி எல்லாருக்கும் தெரியணும்." எங்கே ஆரம்பிக்கணும்? எத்தனை டிசைன் எடுத்துட்டுப் போகணும்?

பதில் 1: தகடூர்_பிளானர்

டிசைனை 6-ஆம் நாள் வரைக்கும் தொடாதீங்க.

அந்த ஒரு பக்கம் பிரீஃபே இல்லை, ஆசை. நாளைக்கே திருப்பிக் கேளுங்க: ஜூன் முடிவுக்குள்ள எத்தனை பாட்டில் விக்கணும்? எத்தனை கடை? கடைக்காரருக்கு ஒரு பாட்டிலுக்கு என்ன மார்ஜின்? இந்த 30 லட்சத்துல அச்சு, ஷூட்டிங் செலவும் அடக்கமா? கடைசி முடிவு யார் கையில? பதில் வந்ததும் "நாங்க புரிஞ்சுக்கிட்டது இது" என்று அரைப் பக்கம் எழுதி அனுப்புங்க. மத்த ரெண்டு பேரும் பெரும்பாலும் இதைச் செய்ய மாட்டாங்க.

அடுத்த மூணு நாள் கடைகள்தான். பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை, பாலக்கோடு, காவேரிப்பட்டணம் மளிகை, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமை சந்தை, நெடுஞ்சாலை ஓட்டல் என்று முப்பது கடையாவது பாருங்க. எல்லாக் கடையிலும் ஒரு கேள்வி கட்டாயம்: "இந்தக் கூலர் யார் கொடுத்தது?" கோலா கம்பெனி கொடுத்த கூலரில் வேற கம்பெனி பாட்டிலை வைக்க விடமாட்டாங்க. அப்போ உங்க கிளையன்ட் பாட்டில் வெளியே வெயிலில் சூடாக நிக்கும். ஏப்ரல் மாசம் சூடான மாம்பழ ஜூஸை யார் வாங்குவாங்க? விளம்பரம் எவ்வளவு நல்லா இருந்தாலும் விற்பனை அங்கேயே நின்னுடும். இதைப் படத்தோட காட்டி, ஐஸ் பெட்டிக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்கினீங்கன்னா, தொழிற்சாலைக்காரர் நிமிர்ந்து உட்காருவார். அவருக்குக் கூழ் தெரியும், பெட்டிக்கடை தெரியாது.

ஐடியாவும் அந்தக் கடைகளிலிருந்துதான் வரணும். நம்ம ஊர் கிளிமூக்கு மாங்காய், பெங்களூரான்னும் தோத்தாபுரின்னும் சொல்றோமே, நாடு முழுக்க மாம்பழ பானத்துக்கு முக்கியமான மூலப்பொருள் அதுதான். தோப்புக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறவங்க வேற ஊர் பேர் போட்ட பாட்டிலைக் குடிக்கிறாங்க. தோண்ட வேண்டிய இடம் இது. ஆனா அந்தத் தொழிற்சாலை கூழ் யாருக்குப் போகுதுன்னு எந்த பிராண்டு பேரையும் சொல்லிடாதீங்க. ஒப்பந்தத்தில் ரகசிய விதி இருக்கலாம்.

பதில் 2: மீடியா_கணக்கு

மேல சொன்னது சரி. பணத்தை மட்டும் நான் சொல்றேன்.

ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தைக் கழிச்சா கையில் நிக்கிறது சுமார் 25.4 லட்சம். இதை முதல் ஸ்லைடிலேயே சொல்லிடுங்க. 30-க்குத் திட்டம் போட்டு அப்புறம் வெட்டினா நம்பிக்கை போயிடும்.

ஓனருக்கு "ரீச்" (விளம்பரம் எத்தனை பேரைப் போய்ச் சேருதுங்கிற கணக்கு) புரியணும்னு அவசியமில்லை, பாட்டில் கணக்கு புரியும். ஒரு பாட்டிலில் கம்பெனிக்கு 2 ரூபா மிஞ்சும்னு வச்சுக்கோங்க (சரியான தொகையை அவங்ககிட்டயே கேளுங்க). 25 லட்சம் திரும்பி வர 12.5 லட்சம் பாட்டில் போகணும். 2,000 கடை, 150 நாள்: கடைக்கு ஒரு நாளைக்கு நாலு பாட்டிலுக்குக் கொஞ்சம் மேல. இந்த "நாலு பாட்டில்" மேலதான் மொத்தப் பிட்சும் நிக்கணும்.

பிரிக்கும்போது பாதிக்குப் பக்கமா கடைக்கே போகட்டும்: ஐஸ் பெட்டி, ரேக் பட்டி, கடைக்காரர் ஸ்கீம். அடுத்து டவுன் பஸ் பின்பக்கமும் சுவர் விளம்பரமும். விளம்பரத் தயாரிப்புச் செலவு 12 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம், 5 சதவீதம் கையிருப்பு. ஹோர்டிங்குக்கு உரிமம் இருக்கான்னு பார்க்காம பிளானில் போடாதீங்க. சீசன் நடுவுல கழட்டச் சொன்னா பணமும் போச்சு, இடமும் போச்சு.

வாசகத்துலயும் கவனம். இது சட்டப்படி பழச்சாறு இல்லை, பழ பானம்; குறைஞ்சது 10 சதவீதம் பழம் இருக்கணும். "100 சதவீதம் பழச்சாறு" என்று போடுறதை லேபிளிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும் எடுக்கச் சொல்லி, மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2024 ஜூனில் உத்தரவு போட்டிருக்கு. அறுவடை மே, ஜூன், ஜூலை. பிப்ரவரியில் "இப்போ பறிச்ச பழம்"னு எழுதினா, பொய்னு முதல்ல கண்டுபிடிக்கிறது அந்த ஓனர்தான்.

பதில் 3: ஓசூர்_கிரியேட்டிவ்

எத்தனை டிசைன்னு கேட்டீங்க. ஐடியா ஒண்ணே ஒண்ணு, அதை நாலு இடத்தில் காட்டுங்க: பஸ் பின்பக்கம், சுவர், 20 விநாடி ரேடியோ, கடை ரேக். மூணு ஐடியா கொடுத்து "பிடிச்சதை எடுத்துக்கோங்க"ன்னா உங்களுக்கே தெளிவு இல்லைன்னு அர்த்தம் ஆயிடும். அவங்களும் இதுல தலை, அதுல வால்னு ஒட்டச் சொல்வாங்க.

நீங்க எடுத்த கடைப் படத்துலயே பாட்டிலை வச்சுக் காட்டுங்க. ஓசூர், வேப்பனப்பள்ளி பக்கம் கன்னட, தெலுங்கு வாசகம் வேணும். அந்த மொழிக்காரரையே புதுசா எழுதச் சொல்லுங்க.

40 நிமிஷம் கொடுத்தா 25-ல் பேச்சை முடிச்சிடுங்க, மீதி கேள்விக்கு. ரெண்டு நாள் முன்னாடி விளம்பரமே தெரியாத ஒருத்தர் எதிரில் முழுசாப் பேசிப் பாருங்க. தமிழ் ஃபாண்ட் அவங்க லேப்டாப்பில் கட்டம் கட்டமா உடையும். பிடிஎஃப் ஆக்கி, எழுத்தையெல்லாம் அவுட்லைன் பண்ணி (ஃபாண்ட் தேவைப்படாத வடிவமா மாத்தி) கொண்டு போங்க.

கிருஷ்ணகிரி_விளம்பரம்

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. ஒரு பயம். தோத்துட்டா எங்க ஐடியாவை வேற ஆளை வச்சு செஞ்சுட்டா?

ஓசூர்_கிரியேட்டிவ்

1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் வெறும் ஐடியாவுக்குப் பாதுகாப்பு கிடையாது, எழுதின வாசகத்துக்கும் வரைஞ்ச படத்துக்கும்தான் உண்டு. அதனால பிட்சுக்கு முந்தின நாளே, "பணம் செலுத்தும் வரை இந்த வாசகங்களும் வடிவமைப்புகளும் எங்களுடையவை" என்று ஒரு மெயில் போட்டு, பிடிஎஃப்-ஐ அதிலேயே இணைச்சிடுங்க, தேதி நிக்கும். அவங்ககிட்ட விட்டுட்டு வர்றது நாலு பக்க அச்சுப் பிரதி மட்டும். ஓப்பன் ஃபைல் (திருத்தக்கூடிய மூல டிசைன் ஃபைல்) கேட்டா, வேலை உறுதியானதும் தர்றோம்னு சொல்லுங்க.