எச்1 பதிவேட்டில் ஒரே மருத்துவரின் பெயர்

மார்த்தாண்டம் அருகே மருந்துக்கடை நடத்துபவர்:

3 ஆண்டுகளுக்கு முன்பு, இரவில் ஷட்டரை இறக்கப் போகும் நேரத்தில், ரப்பர் பால் வெட்டும் ஓர் இளைஞர், பதற்றத்துக்குக் கொடுக்கும், பழக்கமாகிவிடக்கூடிய அல்பிரசோலம் 60 மாத்திரை என்று எழுதிய சீட்டை நீட்டினார். மருத்துவரின் பதிவு எண், கையொப்பம், தேதி எல்லாம் முறையாகவே இருந்தன; ஆனால் அந்த வாரத்தில் அதே மருத்துவரிடமிருந்து அதே அளவுக்குச் சீட்டு கொண்டுவந்த ஐந்தாவது ஆள் அவர் என்பதை, கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் விற்பனையை எழுதிவைக்கும் என் எச்1 பதிவேடு காட்டியது. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு ஆகியவற்றை அதில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் இருப்பும் பதிவும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார், பிழை இருந்தால் என் உரிமத்துக்குத்தான் ஆபத்து. மருத்துவர் பதில் சொல்ல வேண்டிய இடமோ மாநில மருத்துவ கவுன்சில். அந்தப் பெயரை நான் எத்தனை முறை எழுதியும், அதைக் கூட்டிப் பார்த்து யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அன்று மாத்திரை தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்லி அந்த இளைஞரை அனுப்பிவிட்டேன்.

திங்கள்சந்தைப் பகுதியிலிருந்து ஓர் அக்கா:

அண்ணாச்சி, என் தம்பியும் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவன்தான். அவனுக்கு இரண்டு ஆண்டுகளாக அதே மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவர், பக்கத்து ஊர்க் கிளினிக் ஒன்றில் சோதனை நடந்ததாகக் கேள்விப்பட்டதும், இனி வர வேண்டாம் என்று ஒரே நாளில் கைகழுவினார். மூன்றாம் நாள் காலையில் தம்பி வலிப்பு வந்து முற்றத்தில் விழுந்தான். இந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். எழுதிக் கொடுத்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பிறகு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் டயசிபாமுக்கு மாற்றி, சிறிது சிறிதாகக் குறைத்து, ஏழு மாதத்தில் நிறுத்தினார்கள். முன்னவர் நாடிகூடப் பார்க்காமல் எழுதினார். பின்னவர் மாத்திரையை என் கையில் ஒப்படைத்து, ஒவ்வொரு முறையும் மீதியை எண்ணிப் பார்த்தார். இருவரும் எழுதியது ஒரே இன மருந்து என்பதால், எண்ணிக்கையை மட்டும் வைத்து மருத்துவரைப் பிடிக்கத் தொடங்கினால், போதைக்கு அடிமையானவர்கள் வரிசையில் காத்திருந்து பார்க்கும் இந்தப் பின்னவர்தான் முதலில் அகப்படுவார். குறைக்கும் திட்டம் ஒன்று நோயாளியின் கோப்பில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த இன்னொரு மருத்துவரே அதை ஆராய வேண்டும் என்பது என் எண்ணம்.

மருந்துக்கடைக்காரர் மறுபடியும்:

அந்த இளைஞர் பிறகு என் கடைக்கு வரவில்லை. மருந்து கொடுக்காததால் பதிவேட்டில் எழுதவும் இல்லை. விசாரிக்கலாம் என்றால் அவர் பெயர்கூட என்னிடம் இல்லை.