பதில்: ஸ்டேக்ஹோல்டர் – ‘பங்குதாரர்’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

காடு, கடல் போன்ற இயற்கைக் காப்புப் பகுதிகளைப் பற்றி எழுதும்போது ‘ஸ்டேக்ஹோல்டர்’ (ஒரு முடிவால் பாதிக்கப்படுபவர் அல்லது அதில் அக்கறை உள்ளவர்) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘பங்குதாரர்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

புழக்கத்தில் இருப்பது உண்மைதான் ஐயா. ஆனால் பங்குதாரர் என்றதும் கம்பெனியில் பணம் போட்டவர்தான் நினைவுக்கு வருகிறார். போட்ட பணத்துக்கு ஏற்ற பங்கும் ஓட்டும் அவருக்கு உண்டு. ஒரு காப்புப் பகுதிக்கு மேலாண்மைத் திட்டம் தீட்டும்போது அழைக்கப்படுபவர்களில் பலருக்கு இரண்டுமே கிடையாது. மாடு மேய்ப்பவர், தேன் எடுப்பவர், படகோட்டி, விடுதி நடத்துபவர், ஆய்வாளர், வனத்துறை அதிகாரி எல்லாரையும் ‘பங்குதாரர்கள்’ என்று எழுதிவிட்டால், இல்லாத பங்கை இருப்பதாகக் காட்டுகிறோம்.

மற்றப் பரிந்துரைகளில் ‘பயனாளி’ பொருந்தாது. மேய்ச்சல் நிலத்தை இழப்பவர் எந்தப் பயனைப் பெற்றார்? ‘அக்கறையாளர்’ நல்ல சொல்தான், ஆனால் எட்ட நின்று கவலைப்படுபவரைத்தான் காட்டுகிறது. ‘பங்காளி’ வேண்டவே வேண்டாம், வரப்புத் தகராறுதான் ஞாபகம் வரும்!

என் பரிந்துரை ‘தரப்பினர்’. ‘எல்லாத் தரப்பினரிடமும் கருத்துக் கேட்கப்பட்டது’ என்று செய்தித்தாள்கள் தினமும் எழுதுவதுதான்.

> தரப்பு என்றால் சண்டை வாடை அடிக்கிறதே?

அடிக்கட்டும். மீன்பிடித் தடை எங்கே தொடங்க வேண்டும் என்பதில் மீனவரும் பவள ஆய்வாளரும் ஒரே பக்கம் நிற்பதில்லை. அதைச் சொல் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஒரு சொல் மட்டும் போதாது. தலைமுறை தலைமுறையாக அந்த நிலத்தில் வாழ்பவரையும் விடுமுறைக்கு வந்துபோகிறவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முன்னவரை ‘உரிமைத் தரப்பினர்’ என்று பிரிக்கலாம். ஆஸ்திரேலியாவின் உலுரு என்ற பெரும்பாறை நல்ல எடுத்துக்காட்டு. 1985இல் நிலம் அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதைத் தேசியப் பூங்காவுக்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மையும் அவர்களுக்கே. பாறையில் ஏறுவதை நிறுத்தலாம் என்று 2017இல் அந்தக் குழு முடிவெடுத்தது, 2019இல் ஏற்றம் மூடப்பட்டது. சுற்றுலாத் தொழிலும் ஒரு தரப்புதான், ஆனால் முடிவு அதன் கையில் இல்லை. இரண்டு சொற்கள் இருந்தால்தான் இந்த வேறுபாட்டைத் தமிழில் சுருக்கமாக எழுத முடியும்.

அப்புறம் ‘பங்கேற்பு’. இதைக் கொஞ்சம் கறாராகப் பயன்படுத்துவோம். வரைவை முடித்துவிட்டு மனு வாங்குவதை ‘கருத்துக் கேட்பு’ என்றே சொல்லலாம். கூடிப் பேசி எடுத்த முடிவு அதிகாரியையும் கட்டுப்படுத்தினால் அது ‘கூட்டு மேலாண்மை’. இரண்டுக்கும் நடுவே பல படிகள் உண்டு. மக்கள் பங்கேற்பைப் பற்றி எழுதிய அமெரிக்கர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியாகவே இதை வரைந்துகாட்டினார். ‘பங்கேற்பு’ மொத்த ஏணிக்கும் பெயராக இருக்கட்டும்.

கருத்துக் கேட்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டான கிரேட் பேரியர் ரீஃப் கடற்பூங்காவில் வரைவுக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்று கேட்டதில் 31,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த மீன்பிடியற்ற பரப்பு, 2004இல் சுமார் 33 விழுக்காடானது. ஆனாலும் அது கூட்டு மேலாண்மை ஆகாது. இறுதி முடிவு அரசுடையது.

‘தரப்பினர்’, ‘உரிமைத் தரப்பினர்’ இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் எழுதுங்கள். பஃபர் ஜோனுக்கு (காப்புப் பகுதியின் மையத்துக்கும் வெளிப்புறத்துக்கும் நடுவே விடும் பகுதி) ‘இடைவளையம்’ என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார், எனக்குச் சம்மதம். மையப் பகுதியைச் சுற்றித்தான் அது வரும் என்பதால் படம் பார்க்காமலே புரிகிறது.