சொந்தக் காரில் அரசு வேலை: 3,500 மைலுக்குப் பிறகு 24 பென்ஸ் நியாயமா?

சமூகத்தாதி | 14 ஒக்டோபர் 2023

நான் லண்டனில் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் சமூகத் தாதியாக இருக்கிறேன். நோயாளிகளின் வீடுகளுக்குச் சொந்தக் காரில்தான் போகிறேன். கார் வைத்திருக்க வேண்டும் என்பது வேலைக்கான நிபந்தனைகளில் ஒன்று. இந்த ஆண்டு ஜனவரி முதல் எங்களுக்கு ஆண்டொன்றின் முதல் 3,500 மைலுக்கு மைலொன்றுக்கு 59 பென்ஸும், அதற்கு மேல் 24 பென்ஸும் தருகிறார்கள். போன மாதத்தோடு நான் 3,500ஐத் தாண்டிவிட்டேன்.

இப்போது கணக்கைப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பெற்றோல் லீற்றர் 155 பென்ஸ். ஒரு கலனுக்கு 4.546 லீற்றர் என்பதால் கலன் ஏழு பவுணுக்குச் சற்று மேலே வருகிறது. ஒரு நாளில் பதினொரு வீடுகள், ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒன்றரை மைல்; எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்தி, இன்சுலின் போட்டுவிட்டு, மறுபடியும் குளிர்ந்த எஞ்சினை எடுக்கிறேன். இப்படி ஓடும் கார் கலனுக்கு 30 மைலுக்கு மேல் தராது. ஆகவே மைலொன்றுக்குப் பெற்றோல் மட்டும் 23.5 பென்ஸ். மிஞ்சுகின்ற அரைப் பென்ஸில்தான் ரயர், பிரேக், சேர்விஸ், வேலைப் பயணத்துக்கென்று கூடுதலாகக் கட்டும் காப்புறுதி எல்லாம் அடங்க வேண்டும். இது நியாயம் என்று சொல்பவர்கள் விளக்குங்கள்.

கணக்குப்பிள்ளை | 14 ஒக்டோபர் 2023

தங்கச்சி, நான் ஒரு கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி சபையின், நிதிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தக் கோரிக்கைப் படிவங்களில் பல ஆண்டுகள் கையெழுத்திட்டிருக்கிறேன். நீங்கள் 24 பென்ஸை மட்டும் தனியே பிரித்து எடுத்துக் காட்டுவதுதான் பிழை. காருக்கு இரண்டு வகைச் செலவு உண்டு. காப்புறுதி, வீதி வரி, எம்.ஓ.டி. என்னும் வருடாந்த வாகனப் பரிசோதனை போன்றவை கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருபவை. பெற்றோலும் ரயரும் ஓடினால் மட்டும் வருபவை. முதல் வகையில் வேலைக்குரிய பங்கை முதல் 3,500 மைலுக்குள்ளேயே 59 பென்ஸாகத் தந்துவிடுகிறார்கள். அதன் பிறகு வருவது ஓட்டச் செலவு மட்டுமே.

நீங்கள் ஆண்டுக்கு 7,000 மைல் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். முதல் பாதிக்கு 2,065 பவுண், மறு பாதிக்கு 840, மொத்தம் 2,905. அதாவது மைலுக்குச் சராசரி 41.5 பென்ஸ். உங்கள் கணக்கின்படியே பெற்றோலுக்கு ஏறத்தாழ 1,645 போனாலும் 1,260 பவுண் கையில் நிற்கிறது. அதே காரில்தான் நீங்கள் கோயிலுக்கும் கடைக்கும் போகிறீர்கள். அந்தக் காரின் முழுச் செலவையும் வரி கட்டுபவர் ஏற்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

சைக்கிள்சாமி | 14 ஒக்டோபர் 2023

சைக்கிளில் போகும் ஊழியருக்கு வரியில்லாமல் தரக்கூடியது மைலுக்கு 20 பென்ஸ்தான். அதற்கு யாரும் இழை தொடங்குவதில்லை. ஒன்றரை மைல் இடைவெளி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

சமூகத்தாதி | 15 ஒக்டோபர் 2023

சைக்கிள்சாமி அவர்களே, காயத்துக்குக் கட்டுப்போடும் பொருட்கள் இரண்டு பெரிய பைகள், ஊசிகள் போடும் மஞ்சள் பெட்டி, சில நாள்களில் ஒரு சிறுநீர்ப்பை ஸ்கேனர். டிசம்பர் மழையில் இவற்றோடு நீங்கள் ஒரு நாள் வந்து மிதித்துக் காட்டினால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை அண்ணா, உங்கள் 41.5 பென்ஸ் சரி. ஆனால் அந்தச் சராசரி யாருக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். எங்கள் குழுவில் பகுதி நேரமாக வேலை செய்யும் ஒருவர் ஆண்டுக்குச் சரியாக 3,500 மைல் ஓடுகிறார். அவருக்கு ஒவ்வொரு மைலுக்கும் 59 பென்ஸ். ஆள் பற்றாக்குறையால் இரண்டு பேருடைய வட்டாரத்தை ஒன்றாகப் பார்க்கும் எனக்கு 41.5. நான் 10,000 மைல் ஓட நேர்ந்தால் அது 36.25 ஆகிவிடும். கூடுதலாக ஓடும் ஒவ்வொரு மைலும் காரின் விலையைக் குறைக்கிறது. தேய்மானத்தை நீங்கள் "ஓடினாலும் ஓடாவிட்டாலும்" என்ற பெட்டிக்குள் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது. ஆனால் மைல்மானியில் 90,000 காட்டும் காரை விற்கப் போய்ப் பார்த்தவர்களுக்கு அது எந்தப் பெட்டி என்று தெரியும்.

இன்னொன்று. வீட்டிலிருந்து நேரே முதல் நோயாளியிடம் போனாலும், எங்கள் அலுவலகத்திலிருந்து புறப்பட்டதாக வைத்துத்தான் மைல் கணக்கிடுகிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை. வேலைக்குப் போய்வரும் தூரத்தை எவருக்கும் தருவதில்லை. ஆனால் படிவத்தில் எழுதும் மைல் வேறு, கார் உண்மையில் ஓடிய மைல் வேறு என்பதையும் உங்கள் 1,260க்குள் கழித்துப் பாருங்கள்.

மதுரைக்காரன் | 15 அக்டோபர் 2023

இருவரும் ஒரு பொது அளவுகோலை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். பிரிட்டனின் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. வரியில்லாமல் அனுமதிப்பது வரியாண்டில் முதல் 10,000 மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25 பென்ஸ். 40ஆக இருந்ததை 2011 ஏப்ரலில் 45 ஆக்கினார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அது அப்படியே கிடக்கிறது. டயர் விலை கிடக்கவில்லை. இந்த 45 உறைந்து கிடப்பதுதான் மூல நோய் என்பது என் கருத்து, என்.எச்.எஸ்.ஸின் இரண்டு படிகள் அதற்குப் பிறகுதான்.

என் அப்பா இந்தியாவில் மத்திய அரசு ஊழியராக இருந்தவர். அங்கே 2017 ஜூலை உத்தரவுப்படி, மாநிலப் போக்குவரத்துத் துறை கட்டணம் நிர்ணயிக்காத இடங்களில், தகுதியுள்ளவர்களுக்குச் சொந்தக் காருக்குக் கிலோமீட்டருக்கு 24 ரூபாய், ஸ்கூட்டருக்கு 12 ரூபாய். அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போதெல்லாம் இந்தத் தொகை 25 சதவீதம் உயரும் என்று அதே உத்தரவிலேயே எழுதிவிட்டார்கள். யாரும் மனு எழுதிக் கெஞ்ச வேண்டியதில்லை. இங்கே ஏன் அப்படிச் செய்யக் கூடாது?

கணக்குப்பிள்ளை | 15 ஒக்டோபர் 2023

தம்பி, தானாக ஏறும் ஏற்பாடு தானாக இறங்கவும் செய்யும். என்.எச்.எஸ்.ஸில் 2013 ஜூலையில் இந்த முறை வந்தபோது முதல் 3,500 மைலுக்கு 67 பென்ஸ். வாகன ஓட்டுநர் அமைப்பான ஏ.ஏ.யின் செலவுக் கணக்கோடு அதைப் பிணைத்திருந்தார்கள். அடுத்த ஆண்டே அது 56 ஆகவும், மேல்படி 24இலிருந்து 20 ஆகவும் இறங்கியது.

தங்கச்சி சொல்லும் தேய்மானத்தில் நியாயம் இருக்கிறது. அதை முழுக்க ஒரே பெட்டியில் போட்டது என் பிழை. ஆனால் உங்கள் ஆதங்கத்துக்கு மருந்தாகப் பலர் சொல்லும் மொத்தத் தொகை முறையை நான் நேரில் பார்த்தவன். கவுன்சில்களில், வேலைக்குக் கார் கட்டாயம் தேவைப்படுபவர்களுக்கு, அத்தியாவசியப் பயனர் என்று ஒரு வகை உண்டு. 1,200 முதல் 1,450 சி.சி. வரையுள்ள கார்களுக்கு ஆண்டுக்கு மொத்தமாக 1,239 பவுணும், அதோடு ஓடும் மைலுக்கு 50.5 பென்ஸும் என்பது 2010இன் தேசிய வீதம். நிலைச் செலவு தனி, ஓட்டச் செலவு தனி, கொள்கை அழகானது. நடந்தது என்ன? ஆண்டு முழுவதும் நாற்பது மைல் ஓடியவரும் அந்த 1,239ஐ வாங்கினார். அந்தப் படிவத்தில் நானே கையெழுத்திட்டேன், விதி அப்படி. பிறகு செலவுக் குறைப்பு வந்தபோது பல கவுன்சில்கள் முதலில் வெட்டியது இதைத்தான். எல்லோரையும் 45 பென்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். உண்மையாகவே நாள் முழுதும் ஓடியவர்களும் அதோடு சேர்ந்து போனார்கள்.

45 பென்ஸை விடக் குறைவாகக் கிடைத்தால் வித்தியாசத்துக்கு வரிச்சலுகை கேட்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சமூகத்தாதி | 16 ஒக்டோபர் 2023

கேட்டுப் பார்த்தேன், அண்ணா. 7,000 மைலுக்கு 45 பென்ஸ் வீதம் 3,150 பவுண். கிடைப்பது 2,905. வித்தியாசம் 245. அந்த 245ஐத் தருவதில்லை, அதற்குரிய 20 சதவீத வரியைத்தான் விடுகிறார்கள்: 49 பவுண். மறுபக்கம், 3,500 மைல் ஓடும் என் தோழிக்கு 45ஐத் தாண்டிக் கிடைக்கும் 490 பவுணுக்கு 98 பவுண் வரி பிடிக்கிறார்கள். குறைவாக ஓடியவருக்குக் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, அதில் ஒரு பகுதியை வரியாகத் திரும்ப எடுக்கும் இந்த ஏற்பாட்டை நியாயம் என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நாற்பது மைல்காரருக்கு 1,239 கொடுத்த தவறுக்கு மருந்து, குறைந்தது இத்தனை மைல் ஓடியிருக்க வேண்டும் என்று ஒரு எல்லை வைப்பது. 3,500இல் மதில் கட்டுவதல்ல.

கணக்குப்பிள்ளை | 16 ஒக்டோபர் 2023

எல்லை வைப்பதற்கு நான் எதிரில்லை. ஆனால் அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே நிற்பவர்கள் கணக்காண்டு முடியும் மார்ச் மாதத்தில் எப்படி மைல் சேர்ப்பார்கள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். 24 பென்ஸ் பெற்றோல் விலையோடு ஒட்டி நிற்க வேண்டும், அது 30க்கு மேலே போக வேண்டும் என்றால் நானும் கையெழுத்திடுகிறேன். ஒரே வீதம் என்றால் மாட்டேன்.

ஒன்று கேட்கிறேன். 56, 20 பென்ஸ் வீதத்தில் இருந்த பழைய ஆண்டுகளுக்கு நீங்கள் வரிச்சலுகை கேட்டீர்களா? அப்போது 7,000 மைலுக்கு 2,660 பவுண்தான் கிடைத்திருக்கும். வித்தியாசம் 490, சலுகை ஆண்டுக்கு 98. நான்கு வரியாண்டுகள் பின்னோக்கிக் கேட்க முடியும்.

சமூகத்தாதி | 16 ஒக்டோபர் 2023

கேட்கவில்லை. அப்படி ஒன்று இருப்பதே எங்கள் குழுவில் யாருக்கும் தெரியாது. காரின் கையுறைப் பெட்டிக்குள் கொரோனாக் காலத்துக் குறிப்புப் புத்தகம் இருக்கிறது. கை கழுவும் திரவம் கொட்டி 2020 மே மாதப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டுவிட்டன. மற்றவை வாசிக்கலாம். 2019–20க்குக் கேட்பதற்குக் கடைசி நாள் வரும் ஏப்ரல் 5 தானே?

கணக்குப்பிள்ளை | 16 ஒக்டோபர் 2023

ஆம், 2024 ஏப்ரல் 5. படிவத்தின் பெயர் பி87. ஒட்டிய பக்கங்களைக் கிழிக்காதீர்கள். மாதாந்தக் கோரிக்கைகளின் பிரதி சம்பளப் பிரிவில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.