குழந்தைகளோடு ஜெர்மனியில் ஆன்சைட் இருந்தவர்கள் சொல்லுங்க

கோபிக்காரி:
வீட்டுக்காரரைக் கம்பெனி ஸ்டுட்கார்ட்டுக்கு ஆன்சைட் வேலைக்கு அனுப்பியபோது பெரியவளுக்கு நாலு வயது, சின்னவன் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தான். ஊரில் எல்லாரும் கேட்டது அங்கே அரிசி கிடைக்குமா, குளிர் தாங்குமா என்றுதான். அரிசி என்ன, துருக்கிக் கடையில் கொத்தமல்லித் தழையே கிடைக்கும். எங்களை அலைய விட்டது கிண்டர்கார்டன் இடம். ஒரு வயது முடிந்த குழந்தைக்கு இடம் கேட்கும் உரிமை 2013 ஆகஸ்ட்டிலிருந்து சட்டத்திலேயே இருக்கிறது, ஆனால் பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை என்று வெயிட்டிங் லிஸ்ட்டில் போட்டுவிடுவார்கள். குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். அந்த வேலை முடிந்த கையோடு கிண்டர்கார்டனுக்கும் எழுதிப் போட்டுவிடுங்கள்.

அப்புறம் தடுப்பூசி அட்டை. 2020 மார்ச்சிலிருந்து தட்டம்மை ஊசிக்குச் சான்று இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், இரண்டு வயதைத் தாண்டியிருந்தால் இரண்டு டோஸ் காட்ட வேண்டும். கிளம்பும் முன்பே உங்க டாக்டரிடம் ஊசியின் பெயர், தேதி எல்லாம் இங்கிலீஷில் தெளிவாக எழுதி சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

சேர்த்தவுடன் விட்டுவிட்டு வரவும் முடியாது. முதல் சில நாள் அம்மாவோ அப்பாவோ கூடவே உட்கார வேண்டும், அப்புறம் பத்து நிமிஷம் வெளியே போய் வரச் சொல்வார்கள், அப்புறம் அரைமணி, இப்படியே வாரக்கணக்கில் இழுக்கும். நான் மூலையில் ஒரு குட்டி நாற்காலியில் முழங்கால் முகத்தில் இடிக்க உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் சின்னவனிடம் "அங்க பாரு காக்கா" என்று ஜன்னலைக் காட்டிவிட்டு நைசாக நழுவப் பார்த்தேன், டீச்சரம்மா கதவிலேயே நிறுத்திவிட்டார். அழுதாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் நம்ம ஊரில் எல்.கே.ஜி. முதல் நாள் ஆயாம்மா குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போவதை நினைத்தால் இது எவ்வளவோ மேல்.

மழை பெய்தாலும் வெளியேதான் விளையாட்டு. ரப்பர் பூட்ஸ், மழைக்கால்சட்டை, மாற்றுத்துணி என்று லிஸ்ட்டே தருவார்கள். நவம்பர் தூறலில் இரண்டும் சேற்றில் புரள்வதை வீடியோ காலில் பார்த்த என் மாமியார், "ஏனம்மணி, புள்ளைகள மழைல உட்டுப்போட்டு நீ வேடிக்கை பாத்துட்டிருக்கறயா?" என்றார். என்னத்தைச் சொல்ல.

திருப்பூர் அப்பா:
முதல் குளிர்காலத்தில் சளி, காய்ச்சல் வரிசையாக வரும், மனசைத் தேற்றிக்கொண்டு போங்கள். நம்ம ஊரில் டாக்டர் ஒரு பை நிறைய சிரப் தருவார். அங்கே பார்த்துவிட்டு வைரஸ்தான், ஓய்வு கொடுங்கள், நிறையக் குடிக்கக் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார். பார்மசியில் பாராசிட்டமால் கேட்டால் ஆசனவாயில் வைக்கிற மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள், நானும் வீட்டம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆனால் சிரப்பைத் துப்புகிற பிள்ளைக்கு அதுதான் வசதி.

இன்னொன்று, குழந்தைக்கு உடம்பு முடியாதபோது எடுக்கும் லீவுக்கு அரசு இன்சூரன்ஸ் பணம் தருகிறது, 2024-இல் அது ஒரு குழந்தைக்கு அப்பாவுக்கு 15 நாள், அம்மாவுக்கு 15 நாள். பிரைவேட் இன்சூரன்ஸ் என்றால் அந்தப் பணம் கிடையாது. கம்பெனி எதில் போடுகிறது என்று இங்கேயே கேட்டுவிடுங்கள்.

பொள்ளாச்சியான்:
உதவிக்குப் பெரியவர்களைக் கூப்பிடுகிறவர்களுக்கு: ஷெங்கன் விசாவில், அதாவது கொஞ்ச நாள் வந்துபோகிறவர்களுக்கான ஐரோப்பிய விசாவில், 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்சூரன்ஸும் வேண்டும். எங்க அத்தை வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டுவிட்டார். ஞாயிறு என்றால் அங்கே கடையும் கிடையாது, சத்தமும் கூடாது. கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்து பெல் அடித்தார். பையன் தங்குதங்கென்று ஓடுவதற்காகத்தான் வந்திருக்கிறார் என்று நான் மன்னிப்புக் கேட்க, அந்தம்மா குழந்தை ஓடத்தான் செய்யும், அந்த மிஷினை மட்டும் நிறுத்துங்கள் என்றார். அத்தை விடவில்லை, "மத்தியானத்துக்கு மேல போட்டுக்கலாங்களான்னு கேளு சாமி" என்றார். கேட்டேன். கூடாதாம். பிறகு சனிக்கிழமை ராத்திரியே சட்னி அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவோம்.