டீசல் பகுதியில் (diesel cut) நிறை 184 பீக்: டைபென்சோதயோஃபீன்தானா?

தரமணி_கெமிஸ்ட்ரி: எம்.எஸ்சி. ப்ராஜெக்ட். கேஸ் ஆயிலை (டீசலாகும் எண்ணெய்ப் பகுதி) டைகுளோரோமீத்தேனில் கரைத்து ஜி.சி.எம்.எஸ்.-ல் (கலவையைப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) போட்டேன். நிறை 184-ஐ மட்டும் பிரித்துப் பார்த்தால் ஒரு பீக் இல்லை, ஒரு கொத்தே வருகிறது. கருவியின் லைப்ரரி (ஒப்பிட்டுப் பெயர் சொல்லும் தரவுத்தொகுப்பு) அதில் பாதியை டைபென்சோதயோஃபீன் (சல்ஃபர் உள்ள அரோமேட்டிக் சேர்மம்) என்கிறது. எஃப்.பி.டி.-யில் (சல்ஃபரைச் சுடரொளியால் அளக்கும் டிடெக்டர்) பீக் ஏரியாவும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

பங்க்_டீசல்: சாம்பிள் பங்க்கில் வாங்கியதா? பி.எஸ்.-6 டீசலில் சல்ஃபர் அதிகபட்சம் 10 பிபிஎம். முழு ஸ்கேனில் தேடினால் கண்ணுதான் வலிக்கும்.

தரமணி_கெமிஸ்ட்ரி: இல்லை அண்ணா, சல்ஃபர் நீக்குவதற்கு முந்தையது.

மணலி_லேப்_ரிட்டயர்டு: அப்படியானால் லைப்ரரியை ஓரமாக வைம்மா. பக்கக்கிளைகளில் மொத்தம் நான்கு கார்பன் உள்ள நாப்தலீன்களுக்கும் நிறை 184தான். வித்தியாசம் 0.09 அளவுதான், சாதாரண குவாட்ரபோல் அதைப் பிரிக்காது. 169, 155, 141 நிறைத் துண்டுகள் பலமாக இருந்தால் நாப்தலீன், கிளை உடைந்து வருவது அது. டைபென்சோதயோஃபீன் லேசில் உடையாது: 184 தலைதூக்கி நிற்கும், 139 சிறிதாக வரும், 186 சுமார் 5 சதவீதம் இருக்கும் (சல்ஃபர்-34 செய்யும் வேலை). சாதாரண நான்-போலார் column-இல் ஃபினாந்த்ரீனுக்கு (நிறை 178 உள்ள அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்) சற்று முன்னால் வெளியே வரும். முதலில் 178-ஐப் போட்டு ஃபினாந்த்ரீனைப் பிடி, அப்புறம் அதற்கு இடப்பக்கம் பார்.

எஃப்.பி.டி. வேறு கதை. சல்ஃபர் அளவின் இருமடிக்கு ஏற்பத்தான் அதன் சிக்னல். கூடவே ஹைட்ரோகார்பன் வந்தால் ஒளியே மங்கிவிடும். சாம்பிளைப் பாதியாக நீர்க்கச் செய்து போடு. ஏரியா கால்பங்குக்கு இறங்கினால் சரி, அவ்வளவு இறங்காவிட்டால் மங்கல் இருக்கிறது. மென்பொருள் ஏற்கெனவே வர்க்கமூலம் எடுத்துத் தருகிறதா என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள். எஸ்.சி.டி. (சல்ஃபர் அளவுக்கு நேராகவே சிக்னல் தரும் டிடெக்டர்) கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை.

சிலிக்கா_காலம்: முன்பே பிரித்துவிடலாமே? பல்லேடியம் குளோரைடு ஏற்றிய சிலிக்காவில் முதலில் வெறும் அரோமேட்டிக், அப்புறம் கரைப்பானை மாற்றினால் தயோஃபீன் வகை இறங்கும். பல்லேடியம் கூட ஒட்டி வந்தால் அமினோப்ரோபில் சிலிக்கா வழியாக விடுங்கள். தயோல், சல்ஃபைடு இறுக ஒட்டிக்கொள்ளும், அவற்றை இதில் எதிர்பார்க்காதீர்கள். சிலிக்காவை ஓவனில் காயவைக்க மறக்காதீர்கள், நம்ம ஊர்க் காற்று அப்படி!

தரமணி_கெமிஸ்ட்ரி: நன்றி சார். 178-க்கு இடப்பக்கம் ஒரே ஒரு பீக்கில்தான் 139, 186 இரண்டும் பொருந்துகின்றன. மீதியெல்லாம் 141, 155. இனி ஒரு மெத்தில், இரண்டு மெத்தில் ஏறிய வகைகளுக்காக 198, 212 பார்க்கப்போகிறேன்.

மணலி_லேப்_ரிட்டயர்டு: 198-இல் முதலில் 4-மெத்தில், பிறகு 2-உம் 3-உம் சேர்ந்தே, கடைசியில் 1. 212-இல் 4,6-டைமெத்திலை விடாதே. இரண்டு மெத்திலும் சல்ஃபரை மறைத்து நிற்பதால் ஹைட்ரோட்ரீட்டரில் (ஹைட்ரஜனால் சல்ஃபரை நீக்கும் அலகு) கடைசிவரை தாக்குப்பிடிப்பது அதுதான். ஸ்டாண்டர்டு (ஒப்பிட்டுப் பார்க்கும் தூய மாதிரி) வாங்க கைடிடம் இப்போதே கேட்டு வை, வந்துசேர நாளாகும்.