நம்ம தெருவில் போலியோவா?

(குடியாத்தம், மேலத்தெரு குடும்பங்கள் வாட்ஸ்அப் குழு. ஞாயிற்றுக்கிழமை இரவு.)

7:42 மளிகை சேகர்: *பலமுறை ஃபார்வர்ட் செய்யப்பட்டது* அவசரம்!! போலியோ திரும்பி வந்துவிட்டது. அரசாங்கம் மறைக்கிறது. குழந்தைகளை வெளியே விடாதீர்கள். பத்து பேருக்கு அனுப்பவும்.

7:42 மளிகை சேகர்: இது சும்மா ஃபார்வர்ட் இல்லை. மத்தியானம் நம்ம தெருவுக்கே ஜீப் வந்தது. நீலப் பெட்டியோடு நாலு பேர் இறங்கினார்கள். கடையில் இருந்து என் கண்ணால் பார்த்தேன்.

7:44 ரேவதி மாடிவீடு: ஐயோ எந்த வீடு அண்ணா?

7:44 மளிகை சேகர்: *இந்த மெசேஜை அட்மின் நீக்கினார்*

7:45 கோமதி டீச்சர் (அட்மின்): வீட்டு அடையாளம், குழந்தை பேர் எதுவும் இங்கே போடக் கூடாது. சேகர், இன்னொரு தரம் போட்டால் குழுவில் இருந்தே எடுத்துவிடுவேன்.

7:46 ரேவதி மாடிவீடு: டீச்சர், என் பொண்ணுக்கு ஒன்றரை வயது. பூஸ்டர் இன்னும் போடவில்லை. பயமாக இருக்கிறது.

7:51 பிரபு: நீக்கியது போதும் டீச்சர். எல்லாரும்தான் வாசலில் நின்று பார்த்தார்களே. எங்கள் அக்கா பையன்தான். முதலில் வயிற்றுப்போக்கு. அது நின்ற பிறகு ஒரு நாள் காலையில் எழுந்து நிற்கப் பார்த்தான், கால் மடிந்து கீழே உட்கார்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் சேர்த்து, இப்போது வீட்டுக்கு வந்துவிட்டான். சுவரைப் பிடித்து நடக்கிறான்.

7:53 பிரபு: டாக்டர் இது போலியோவே இல்லை, கில்லன் பாரே என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். அப்புறம் எதற்கு ஜீப், பெட்டி, மலம் வேண்டும் என்று? அக்கா மத்தியானத்தில் இருந்து அழுதுகொண்டிருக்கிறாள். சொட்டு மருந்து ஒன்று விடாமல் போட்ட பிள்ளை.

7:54 ரேவதி மாடிவீடு: கில்லன் பாரே என்றால் 2025 ஆரம்பத்தில் புனேயில் நிறையப் பேருக்கு வந்ததே, அதுவா?

7:55 பிரபு: அதே பேர்தான். தொற்று போன பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்குகிறதாம். பக்கத்து வீட்டுக்கு ஒட்டுகிற வியாதி இல்லை என்றார்கள்.

8:02 மாணிக்கம் ஐயா: பிரபு தம்பி, நான் சுகாதார ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவன். இந்தப் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். நிதானமாகச் சொல்கிறேன். அந்த டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கும். அவர்கள் வந்ததும் சரிதான்.

8:06 மாணிக்கம் ஐயா: பதினைந்து வயதுக்குள் எந்தப் பிள்ளைக்கும் கையோ காலோ திடீரென்று துவண்டு போனால் ஏ.எஃப்.பி., அதாவது திடீர்த் தளர்வாதம், என்று பதிவு செய்தே ஆக வேண்டும். காரணம் என்னவென்று டாக்டர் நினைக்கிறார் என்பது அதில் கணக்கே கிடையாது. அரசு ஆஸ்பத்திரி, தனியார், சின்ன கிளினிக், எல்லாருக்கும் ஒரே விதி. இது போலியோ மாதிரி இருக்கிறது, இது இல்லை என்று டாக்டரே பிரித்து அனுப்பினால், அவர் தப்பாகப் பிரிக்கிற ஒன்றில்தான் அது ஒளிந்திருக்கும்.

8:07 மளிகை சேகர்: ஆனால் நாட்டில் போலியோவே இல்லை என்கிறார்களே. இல்லாததை எதற்குத் தேடுகிறார்கள்?

8:11 மாணிக்கம் ஐயா: தேடுவதால்தான் இல்லை என்று சொல்ல முடிகிறது சேகர். 2009இல் நம் நாட்டில் 741 கேஸ், உலகத்தில் கிட்டத்தட்ட பாதி நாம்தான். 2010இல் 42. கடைசி கேஸ் 2011 ஜனவரி, மேற்கு வங்கம் ஹவுராவில் ஒரு பெண் குழந்தை. அதற்குப் பிறகு மூன்று வருஷம் இப்படி ஒவ்வொரு துவண்ட காலையும் பார்த்து, இல்லை இல்லை என்று எழுதிய பிறகுதான் 2014 மார்ச்சில் சான்றிதழ் கொடுத்தார்கள்.

8:14 மாணிக்கம் ஐயா: இன்னொன்று கேள். போலியோ இல்லாத ஊரிலும் வருஷத்துக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் ஒன்றுக்காவது வேறு காரணத்தால் இப்படி ஆகும். நம் நாட்டில் குறைந்தது இரண்டு பிடிக்க வேண்டும் என்று இலக்கு. ஒரு மாவட்டத்தில் கேஸே வரவில்லை என்றால் யாரும் கை தட்ட மாட்டார்கள். "என்னய்யா தூங்குகிறீர்களா" என்று மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேட்பார்கள். நான் நின்றிருக்கிறேன் 😄

8:15 கோமதி டீச்சர் (அட்மின்): அடேயப்பா. கேஸ் குறைந்தால் திட்டா!

8:18 மாணிக்கம் ஐயா: ஆமாம் டீச்சர். ஆஸ்பத்திரிகள் வாரா வாரம் ரிப்போர்ட் கொடுக்கணும். ஒன்றும் இல்லாவிட்டால் பூஜ்யம் என்று எழுதிக் கொடுக்கணும். தாளே வராமல் போனால் நோய் இல்லையா, பார்க்க ஆள் இல்லையா, எப்படித் தெரியும்? என் சர்வீஸில் பாதி, பூஜ்யம் வாங்கப் போனதுதான்.

8:20 ரேவதி மாடிவீடு: கூகுளில் பார்த்தேன். 2024இல் மேகாலயாவில் ஒரு குழந்தைக்கு வந்திருக்கிறதே ஐயா? சொட்டு மருந்தில் இருந்தே வந்ததாம். அப்போ சேகர் அண்ணா சொன்னது உண்மையா?

8:21 மளிகை சேகர்: பார்த்தீர்களா!!

8:27 நர்ஸ் விஜயா: எல்லாருக்கும் வணக்கம். இப்போதுதான் சப்சென்டர் வேலை முடிந்து பார்க்கிறேன். ரேவதி, சொட்டு மருந்தில் இருப்பது வலு குறைத்த உயிருள்ள கிருமி. தடுப்பூசி போடாத பிள்ளைகள் நிறைய இருக்கிற இடத்தில் அது ஆளுக்கு ஆள் போய்ப் போய் மாறி, அபூர்வமாக வலுவைத் திரும்பப் பெற்றுவிடும். எல்லாரும் போட்டிருந்தால் அதற்குப் போக இடமே கிடைக்காது. எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்த ஒரு சில குழந்தைகள் உடம்பிலும் அப்படி மாறுவதுண்டு. இதனால்தான் 2016இல் சொட்டு மருந்தில் இருந்து இரண்டாம் வகைக் கிருமியை எடுத்துவிட்டார்கள். கையில் போடுகிற ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது. மேகாலயா விஷயம் மறைத்ததில்லை, இதே மாதிரி சாம்பிள் எடுத்ததால்தான் வெளியே வந்தது.

8:28 நர்ஸ் விஜயா: பூஸ்டருக்குப் புதன்கிழமை அட்டையோடு வாருங்கள். பதினாறு மாதத்தில் இருந்து இருபத்துநாலு மாதத்துக்குள் போடலாம். ஒன்றும் தாமதம் ஆகவில்லை.

8:29 ரேவதி மாடிவீடு: நன்றி அக்கா 🙏

8:33 தையல் பாட்ஷா பாய்: *வாய்ஸ் நோட் 2:10*

8:34 கோமதி டீச்சர் (அட்மின்): பாய், வண்டிச் சத்தம்தான் கேட்கிறது.

8:41 தையல் பாட்ஷா பாய்: சரி டைப் பண்றேன். எனக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. காய்ச்சல் என்று ஊசி போட்டார்கள், மறுநாள் வலது கால் போச்சு. கெட்ட காற்று பட்டுவிட்டது என்று அம்மா தர்கா தர்காவாகத் தூக்கிப் போனாள். ஒரு ஜீப்பும் வரவில்லை, ஒருத்தரும் நோட்டில் எழுதவில்லை. அந்த வருஷம் நம்ம தெருவில் மட்டும் மூன்று பேர். அரசாங்கக் கணக்கில் நாங்கள் இருக்கிறோமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மோட்டார் மிஷின் வரும்வரை ஒற்றைக் காலில்தான் மிதித்தேன். பிரபு, அக்காவிடம் சொல், பெட்டி வந்தது அவமானம் இல்லை.

8:43 மாணிக்கம் ஐயா: பாய் சொல்வது நூற்றுக்கு நூறு. போலியோ கிருமி தொற்றுகிற இருநூறு பேரில் ஒருத்தருக்குத்தான் கால் விழும். மற்றவர்களுக்குச் சளி காய்ச்சலோடு போய்விடும், அல்லது ஒன்றுமே தெரியாது. ஒரு பிள்ளைக்கு நிஜமாக இருந்தால் ஊருக்குள் நூற்றுக்கணக்கில் பரவியிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு பிள்ளையை விட்டுவிட்டால் எல்லாம் போச்சு.

8:47 மாணிக்கம் ஐயா: நம் பழைய வட ஆற்காட்டுக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு. எண்பதுகளிலேயே வேலூர் சி.எம்.சி. டாக்டர் ஜேக்கப் ஜான் குழுவினர் இங்கே மாவட்ட அளவில் ஒரு கண்காணிப்பு முறை தொடங்கினார்கள். டாக்டர்களுக்கு விலாசம் அச்சடித்த போஸ்ட் கார்டு. கேஸ் பார்த்தால் எழுதித் தபால் பெட்டியில் போட வேண்டியதுதான். தனியார் டாக்டர்களும் எழுதினார்கள். நீளமான படிவம் கொடுத்திருந்தால் ஒருத்தரும் எழுதியிருக்க மாட்டார்கள், இது என் அனுபவம். இப்போது எல்லாம் ஐ.எச்.ஐ.பி. என்ற அரசின் நோய்க் கண்காணிப்பு போர்ட்டலில் ஏறுகிறது.

8:48 மளிகை சேகர்: சரி ஐயா, ஃபார்வர்டை நீக்கிவிட்டேன்.

8:48 கோமதி டீச்சர் (அட்மின்): அனுப்பிய மற்ற குழுக்களிலும் நீக்கு.

8:50 மளிகை சேகர்: அங்கே டெலீட் ஆப்ஷன் போய்விட்டது டீச்சர். மாணிக்கம் ஐயா எழுதியதைக் காப்பி பண்ணிப் போடுகிறேன்.

8:55 பிரபு: விஜயா அக்கா, ஒரு சந்தேகம். முதல் சாம்பிள் ஆஸ்பத்திரியிலேயே எடுத்தார்கள். இன்றைக்கு வந்தது இரண்டாவதற்கு. பையனுக்கு மலச்சிக்கல், ஒன்றும் வரவில்லை. டப்பாவையும் பெட்டியையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்று கொடுத்தது போதாதா?

8:59 நர்ஸ் விஜயா: போதாது தம்பி. கிருமி தினமும் ஒரே மாதிரி வெளியேறாது, விட்டு விட்டு வரும். அதனால்தான் 24 மணி நேரமாவது இடைவெளி விட்டு இரண்டு. கால் துவண்ட நாளில் இருந்து 14 நாளுக்குள் எடுக்கணும், அதற்கு அப்புறம் கிடைக்கிற வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அவனுக்கு இது பத்தாவது நாள், இன்னும் நேரம் இருக்கிறது. எனிமா எல்லாம் நீங்களாகக் கொடுக்க வேண்டாம். பெரியவர் கட்டைவிரல் அளவு வந்தால் போதும். டப்பாவில் போட்டு மூடியை இறுக்கித் திருகுங்கள், மேலே தேதியும் நேரமும் எழுதுங்கள்.

9:01 பிரபு: ரிசல்ட் எங்கிருந்து வரும்?

9:02 நர்ஸ் விஜயா: சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட். கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டியிருப்பதால் இரண்டு வாரம் போல ஆகும். தேவைப்பட்டால் கால் துவண்ட அறுபதாவது நாளுக்கு அப்புறம் டாக்டர் திரும்ப வந்து காலைப் பார்ப்பார். அப்போது ஜீப்பைப் பார்த்து யாரும் அலற வேண்டாம், இப்போதே சொல்லிவிட்டேன்.

9:04 பிரபு: அக்காவிடம் படித்துக் காட்டினேன். சரி என்கிறாள். ராத்திரி வந்துவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

9:05 நர்ஸ் விஜயா: வேண்டவே வேண்டாம். சாப்பாடு இருக்கிற இடம் அது. பெட்டியிலேயே ஐஸ் பேக்குக்கு நடுவில் வையுங்கள், எட்டு டிகிரிக்கு மேல் போகக் கூடாது. எத்தனை மணி ஆனாலும் எனக்கு போன் பண்ணுங்கள்.

9:06 பிரபு: நாளைக்கு ஒன்பதில் இருந்து ஐந்து வரை கரண்ட் கட் என்று போட்டிருக்கிறார்களே. இந்த ஐஸ் பேக் காலைக்குள் உருகிவிட்டால்?

9:07 மளிகை சேகர்: என் கடை ஃபிரீசருக்கு இன்வெர்ட்டர் இருக்கிறது. பெட்டியைக் கொண்டு வா.

9:07 ரேவதி மாடிவீடு: அண்ணா நாங்கள் அதில் இருந்துதான் ஐஸ்கிரீம் வாங்குகிறோம் 😳

9:09 நர்ஸ் விஜயா: ஒருத்தரும் எதையும் எங்கேயும் வைக்க வேண்டாம். பி.எச்.சி.யில் உறைந்த பேக் தயாராக இருக்கிறது. காலை ஏழு மணிக்கு நானே கொண்டு வந்து மாற்றுகிறேன். பிரபு, கேட்டைத் திறந்து வையுங்கள், உங்கள் வீட்டு நாயையும் கட்டிப் போடுங்கள்.