கோடுபிளக்குக்கு என்ன சொல்? (நாளைக்குள் வேண்டும்)

க.:
நண்பர்களே, புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் வாங்கியவர்களுக்கு ஞாயிறன்று டிஎம்ஆர் (டிஜிட்டல் ரேடியோ முறை) வகுப்பு. எதை வாங்குவது என்ற பகுதி முடிந்தது: 434–438 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் கைக்கருவி ஒன்று, அதுவும் டிஎம்ஆரில் டியர் 2 என்ற வகைதானா என்று பார்த்து (டியர் 1, சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டருக்கு ஆகாது), ரிப்பீட்டர் எட்டாத ஊர் என்றால் மட்டும் ஹாட்ஸ்பாட் (கருவியை இணையத்தோடு இணைக்கும் சிறு பெட்டி). சிக்கல் அப்புறம்தான். அலைவரிசை, நிறக்குறி (ரிப்பீட்டருக்குரிய அடையாள எண்), நேரத்துண்டு (ஒரே அலைவரிசையை மாறிமாறிப் பகிரும் 2 பங்கில் ஒன்று), பேச்சுக்குழு (சேர்ந்து பேசுவோருக்கான எண்) எல்லாவற்றையும் கணினியில் நிரப்பிக் கேபிள் வழியாக ஏற்றுகிறோமே, அந்தக் கோடுபிளக்குக்குத் தமிழ் வேண்டும். கையேடு நாளை அச்சுக்குப் போகிறது.

இரா.:
குறிச்செருகி. பழைய வணிக ரேடியோக்களில் அது உண்மையிலேயே செருகும் உறுப்புதான். வரலாறு சொல்லில் நிற்கட்டும்.

மு.:
இரா. ஐயா, புணர்ச்சி சரி, ஆனால் பையன் டப்பாவைக் கவிழ்த்துச் செருகியைத் தேடுவான். ‘அமைவுக்கோப்பு’ போதும். நேரத்துண்டு 2 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1 போட்டுவிட்டு ஒரு மாலை முழுக்க மொட்டைமாடியில் நின்று கத்தியவன் நான். தப்பு கோப்பில் என்று அன்றைக்கே உறைத்திருந்தால் ஆண்டெனாவைக் கழற்றியிருக்க மாட்டேன்.

வே.:
கோப்பு என்றாலே தாலுகா ஆபீஸ் வாடை. கோத்தலில் பிறந்ததுதான் அது, அதே வினையில் பிறந்த கோவையை ஏன் விட்டீர்கள்? சேனல்களைக் கோத்து வைப்பதால் ‘அலைக்கோவை’. கோவை இலக்கியத்துக்கு 400 பாட்டு. என் கருவியில் அதைவிடக் கூடுதலாகச் சேனல் கிடக்கிறது. அப்புறம், பேச்சுக்குழு எண்ணுக்கு நன்னூலார் கொடுத்த ‘குழூஉக்குறி’ இருக்கிறதே!

இரா.:
பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பதுதான் குழூஉக்குறி, வெளியாளுக்குப் புரியாத பேச்சு. ஹாமில் மறைமொழி பேசினால் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள்.

க.:
அலைக்கோவை அழகுதான் வே., ஆனால் கோயம்புத்தூர் ரிப்பீட்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். தனி மடலில் எழுதிய 4 பேரும் அமைவுக்கோப்பு என்கிறார்கள். அதையே போடுகிறேன், முதலில் வரும் இடத்தில் மட்டும் பக்கத்தில் கோடுபிளக் என்றும் இருக்கும். இணையத்தில் தேட அது வேண்டுமே.

இரா.:
போடுங்கள். டிவிக்கும் வாஷிங் மெஷினுக்கும்கூட அமைவுதான். என் வகுப்பில் குறிச்செருகி.